மொட்டைக் கடிதமும் ஊமைக் கடிதமும்

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்கு நடந்தே போய்விடலாம். எந்த இடத்தில் கேரளம் முடிந்து தமிழகம் தொடங்கிற்று என்பதைச் சாலையோரப் பலகை சொன்னால்தான் உண்டு. மக்களின் பேச்சு சொல்லாது. கடைத்தெருவில் ஒருவர் தமிழில் விலை கேட்பார். மற்றவர் மலையாளத்தில் விடை சொல்வார். பேரம் இரண்டு மொழியிலும் நடக்கும். ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் அங்கே அடுத்தடுத்த திண்ணையில் குடியிருக்கின்றன. எழுதியவர் தம் பெயரைப் போடாமல் அனுப்பும் கடிதத்தை நாம் மொட்டைக் கடிதம் என்கிறோம். மலையாளத்தார் அதனை ஊமக்கத்து என்கின்றனர். ஊமைக் கடிதம் என்பது பொருள்.

இரண்டில் எது பொருந்தும் பெயர் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? நம் சொல் தாளைப் பார்த்துப் பிறந்தது. அடியில் கையெழுத்து இருக்கவேண்டிய இடம் மழித்துக் கிடக்கிறது, ஆகவே மொட்டை. அவர்கள் சொல், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்பவரைப் பார்த்துப் பிறந்தது. அக்கடிதம் எவ்வளவோ பேசுகிறது, கூச்சலே போடுகிறது. ஆனால், “நீ யார்? இதை எங்கே கண்டாய்? யார் சொல்லக் கேட்டாய்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், வாய் திறவாது. தமிழ்ப் பற்றில் நான் யாருக்கும் இளைத்தவன் அல்லன். ஆயினும் இந்த ஒரு சொல்லில் அண்டை வீட்டார் நம்மை வென்றுவிட்டனர் என்றே சொல்வேன்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்து வை என்பது பழமொழி. ஒரே பொய்யால் ஒரு கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்பது மொட்டைக் கடிதக்காரன் கண்ட புதுமொழி. எல்லை ஊர்களில் பெண் வீடு இந்தப் பக்கம் இருக்கும், மாப்பிள்ளை வீடு அந்தப் பக்கம் இருக்கும். விசாரிக்க ஆள் அனுப்பினால் இரண்டு நாள் ஆகும். கடிதமோ மறுநாளே வந்துவிடும். முன்பு அதற்கு ஓர் அஞ்சலட்டையும், இடக்கையால் எழுதும் பொறுமையும் தேவைப்பட்டன. இன்று அந்தப் பொறுமையும் வேண்டியதில்லை. கைப்பேசியில் ஒரு பொய்ப் பெயரும் ஒரு நடிகரின் படமும் இருந்தால் போதும். அன்று ஒரு வீட்டுத் திண்ணையில் விழுந்த கடிதம் இன்று உச்சிப்பொழுதுக்குள் ஊர் முழுதும் விழுகிறது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். மாணவர் குறைகளை எடுத்துச் சொல்வதற்கென்று நம் விடுதிகளில் சிலர் ஒரு பெயரில்லாப் பக்கத்தைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் குறைகள்தாம் வந்தன: சோற்றில் கல், குழாயில் நீரின்மை, நூலகம் முன்னதாகவே பூட்டப்படுதல். யாவும் உண்மை. அவற்றால் சில நன்மைகளும் விளைந்தன, மறுக்கவில்லை. பிறகு ஒரு நாள் எல்லை ஊரிலிருந்து வந்து படிக்கும் மாணவி ஒருத்தியைப் பற்றி நான்கு வரி வந்தது. அந்த நான்கு வரியை நான் இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. அவள் தந்தை வந்து அழைத்துப் போனார். தேர்வுக்குத்தான் திரும்பி வந்தாள். எழுதியவன் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. அவன் நம்மோடு அதே பந்தியில் அமர்ந்து உண்டுகொண்டிருக்கலாம்.

இதன்மேல் நம் மன்றத்தில் நடந்த சொற்போரைக் கேட்டவர்களுக்கு நினைவிருக்கும். பெயர் சொல்லத் துணியாதவன் பேசவே கூடாது என்று ஒரு சாரார் முழங்கினர். பெயர் மறைப்பது எளியவனின் கேடயம், அதைப் பறிப்பவன் வலியவனின் கையாள் என்று மறு சாரார் முழங்கினர். கைதட்டல் இரு பக்கமும் சமமாகவே விழுந்தது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொதுவெளியில் ஒரு சொல் விழுந்தால் அதற்கு விடை சொல்ல ஓர் ஆள் நிற்கவேண்டும். அந்த ஆள் எழுதியவராகவே இருக்கலாம். எழுதியவரை அறிந்து அவருக்காகப் பழியேற்க முன்வரும் இன்னொருவராகவும் இருக்கலாம். யாருமே நிற்காத பேச்சைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இவ்வழக்குக்குச் சான்று தேடி இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஓட வேண்டியதில்லை. பாறசாலைக்கு வடக்கே, நெய்யாற்றின்கரையிலேயே இருக்கிறது. அவ்வூரில் 1878-இல் பிறந்தவர் கே. ராமகிருஷ்ணபிள்ளை. வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905-இல் தொடங்கிய “சுவதேசாபிமானி” என்ற மலையாள இதழுக்கு, 1906-இல் இவர் ஆசிரியரானார். ஓர் இசுலாமிய அறிஞர் தம் பணத்தைப் போட்டு அச்சுக்கூடம் வைத்து, ஆசிரியர் எழுத்தில் தலையிடாமல் விலகி நின்றார் என்பதே அந்தக் காலத்துக்கு ஒரு வியப்பு. இந்தக் காலத்துக்கும் வியப்புத்தான்.

இதழ் திருவிதாங்கூர் அரசின் ஊழல்களை எழுதிற்று. கையூட்டு வாங்கும் அதிகாரிகளை எழுதிற்று. திவானையே எழுதிற்று. அந்தத் திவான் பி. ராஜகோபாலாச்சாரி. (நம் சேலத்து ராஜாஜி அல்லர், இவர் வேறொருவர்.) 1910 செப்டம்பர் 26-ஆம் நாள் மன்னர் ஸ்ரீமூலம் திருநாளின் ஆணை வெளிவந்தது. அச்சுக்கூடம் பறிமுதல்; இதழ் தடை; ஆசிரியர் நாடுகடத்தல். காவலர் அவரை ஆரல்வாய்மொழி வழியாக எல்லைக்கு அப்பால் கொண்டுபோய், திருநெல்வேலிப் பக்கம் விட்டனர். திருவனந்தபுரத்திலிருந்து ஆரல்வாய்மொழிக்குப் போகும் பெருஞ்சாலை எது என்பது நமக்குத் தெரியும். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவில். பிறந்த ஊரே நாடுகடத்தும் பாதையில் இருந்தது. பிறகு சென்னை, பாலக்காடு, கண்ணூர் என்று அலைந்து, 1916 மார்ச்சு 28-இல் காசநோயால் கண்ணூரில் இறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 37. திருவிதாங்கூர் மண்ணை அவர் மீண்டும் மிதிக்கவில்லை. அச்சுக்கூடத்தைத் திரும்பக் கேட்கும்படி சிலர் மௌலவியிடம் சொன்னார்களாம். ஆசிரியர் இல்லாமல் அச்சுக்கூடம் எனக்கு எதற்கு என்று அவர் மறுத்துவிட்டதாகக் கேரளத்தில் சொல்வார்கள்.

இன்று அவரை யாரும் வெறும் ராமகிருஷ்ணபிள்ளை என்று சொல்வதில்லை. சுவதேசாபிமானி ராமகிருஷ்ணபிள்ளை என்பதே பெயர். இதழின் பெயர் மனிதனின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பொய்ப் பெயருக்குப் பின்னால் ஆள் ஒளிந்துகொள்ளும் காலத்தில், இதழின் பெயரை எடுத்து ஆளின் நெற்றியில் எழுதிவைத்த ஒரு நாட்டு மக்களைப் பற்றிக் கேட்பது செவிக்கு இன்பமாக இருக்கிறது. திருவனந்தபுரம் பாளையத்தில் அவர் சிலை நிற்கிறது. பேருந்துக்குக் காத்திருக்கும்போது நிமிர்ந்து பாருங்கள்.

தமிழ் மாணவர் இதழில் இவரைப் புகழலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் எதிர்த்த திவான் தமிழர். அந்தக் காலத்து மலையாளிகளின் எதிர்ப்பில் “பரதேசி” என்ற சொல் நம்மவரையும் சேர்த்தே குறித்தது என்பது அவர் வாதம். உண்மைதான். ஆனால் ஒன்று கவனியுங்கள். தம்மை நாடுகடத்த வல்ல ஒருவரை, தம் இதழில், தம் பொறுப்பில் அவர் எழுதினார். தாக்கப்பட்டவர் எவர் எழுதினார் என்று அறிந்திருந்தார். விடை சொல்லவும் முடிந்தது; தண்டிக்கவும் முடிந்தது. தண்டித்தது தவறு என்பது வேறு பேச்சு. இரண்டு பேரும் வெளிச்சத்தில் நின்றார்கள். அதனால்தான் நூறாண்டுக்குப் பின்னும், தமிழனோ மலையாளியோ, யார் பக்கம் நியாயம் என்று நாம் உட்கார்ந்து வழக்காட முடிகிறது.

அப்படி வழக்காடினால் ராமகிருஷ்ணபிள்ளைக்கு எல்லாம் வெற்றியாக முடியாது. இங்கேதான் என் கட்சிக்கு வலுவான சான்றே இருக்கிறது. அரசுப் பள்ளிகளைப் புலையர் குழந்தைகளுக்குத் திறந்துவிட அன்றைய அரசு முனைந்தது. அதே 1910-இல், நாடுகடத்தப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன், சுவதேசாபிமானி அதனை எதிர்த்து எழுதிற்று. உயர்சாதிக் குழந்தைகளோடு புலையர் குழந்தைகளைச் சேர்த்து உட்காரவைப்பது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போன்றது என்ற கருத்து அதில் இருந்தது. கொடுங்கோலை எதிர்த்த அதே பேனா! எந்தத் திவானை அவர் கரித்துக் கொட்டினாரோ, அந்தத் திவானின் அரசு இந்த ஒன்றில் அவரைவிட முன்னே நின்றது. 1912-இல் அய்யன்காளி ஸ்ரீமூலம் மக்கள் சபையில் உறுப்பினராக இருந்து பேசியதும் அந்தத் திவானின் காலத்தில்தான்.

அய்யன்காளி எந்த ஊர்? வெங்ஙானூர். அதுவும் நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்தான். ஒரே வட்டாரத்தில் பேனாவால் புகழ் பெற்ற ஒருவரும், எழுதப் படிக்கத் தெரியாமலே ஓர் இனத்துக்கு எழுத்தை வாங்கித் தந்த ஒருவரும் பிறந்திருக்கிறார்கள். அதே பகுதியில் ஊருட்டம்பலம் பள்ளிக்கு அய்யன்காளி பஞ்சமி என்னும் சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். சாதி வெறியர் கலகம் செய்தனர். பள்ளிக்கே தீ வைத்தனர். 2022-இல் கேரள அரசு அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் சூட்டிற்று.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். தலையங்கத்தின் அடியில் கையொப்பம் இருப்பதில்லை. ஆயினும் ஆசிரியர் யார் என்று ஊரறியும். ஆகவே “குதிரையும் எருமையும்” ராமகிருஷ்ணபிள்ளையின் பெயரை விட்டு இன்னும் நீங்கவில்லை. அவரைப் புகழ்ந்து பேசும் மேடையிலேயே ஒருவர் எழுந்து, இதற்கு என்ன சொல்கிறீர் என்று கேட்கிறார், கேட்பது முறை. நாடுகடத்தலின் பெருமையும் அந்தத் தலையங்கத்தின் சிறுமையும் ஒரே பெயரில் வரவு வைக்கப்படுகின்றன. ஊருட்டம்பலத்தில் இருட்டில் தீக்குச்சி கிழித்தவனைப் பார்த்து அப்படி யாரும் கேட்க முடியாது. அவன் பேரப்பிள்ளைகள் அந்தப் பள்ளியிலேயே படித்திருக்கவும் கூடும்.

பெயர் போடுவதால் பொறுப்பு வந்துவிடும் என்று எளிதாக முடிவு கட்டுவோரும் உண்டு. அதுவும் சரியன்று. மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. எல்லைப் போராட்டத்தில் நெய்யாற்றின்கரையின் தமிழ்ப் பகுதிகளையும் கேட்டோம். 1956 நவம்பர் 1-இல் நமக்கு வந்தவை தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும். அந்த ஆணையத்துக்கு நாடு முழுவதிலுமிருந்து வந்து குவிந்த தாள்கள் 1,52,250. தந்திகள், அச்சடித்த தீர்மானங்கள், கையெழுத்து வேட்டைகள். ஆய்ந்து எழுதப்பட்ட மனுக்கள் ஏறத்தாழ 2,000-க்கு மேல் இல்லை என்று ஆணையமே எழுதிவைத்தது. ஒன்றரை இலட்சம் தாளில் பெயர் இருந்திருக்கும். கேள்வி கேட்டால் விடை சொல்லக்கூடிய பெயர் எத்தனை?

ஒருவர் எழுத, வேறொருவர் பெயர் போட்டு நின்ற கதையும் நம்மிடம் உண்டு. சென்னையில் “இந்தியா” வார இதழில் எழுதியவர் பாரதியார். அரசாங்கப் பதிவேட்டில் ஆசிரியர் என்றிருந்தவர் எம். சீனிவாசன். 1908-இல் அரசு இராசத்துரோக வழக்குத் தொடுத்தபோது பதிவேட்டில் இருந்த பெயரைத்தான் பிடித்தது. சீனிவாசனுக்கு ஐந்தாண்டுச் சிறை. பாரதியார் புதுவைக்குச் சென்றார். பாரதியாரைக் குறை சொல்ல நான் இதை எடுக்கவில்லை. அவர் சிறைக்குப் போயிருந்தால் புதுவையில் பிறந்த பாடல்கள் பிறந்திருக்குமா என்ற கேள்விக்கு நம் நெஞ்சே விடை சொல்லும். ஆனால் பாரதி விழா எடுக்கும் நம் மன்றங்களில் சீனிவாசன் பெயரை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? இங்கிலாந்திலும் இதே கதை. 1769 முதல் 1772 வரை “ஜூனியஸ்” என்ற புனைபெயரில் அரசனையே கண்டித்து ஒருவர் கடிதங்கள் எழுதினார். அவர் யார் என்பது இன்றளவும் ஆராய்ச்சிக்காரர்களின் சண்டை. 1770-இல் நீதிமன்றத்தில் நின்றவர் அவற்றை வெளியிட்ட அச்சுக்காரர் உட்ஃபால்.

சட்டமும் இந்த வழியையே பிடித்துக்கொண்டது. இந்தியாவில் 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம், அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் தாளில் இருக்கவேண்டும் என்றது. அதற்குப் பதிலாக 2023-இல் புதுச் சட்டம் வந்து 2024 மார்ச்சு முதல் நடைமுறையில் இருக்கிறது. அதிலும் யாரோ ஒருவர் பதிவேட்டில் நின்றாகவேண்டும். கட்டுரையாளர் “ஓர் அன்பன்” என்று எழுதலாம், “கண்டவன்” என்று எழுதலாம், சட்டத்துக்குக் கவலையில்லை. வழக்கு வந்தால் கூப்பிட ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

தருமியின் கதையில் இந்தச் சட்டம் முன்னமே எழுதப்பட்டிருக்கிறது. வேறொருவர் எழுதித் தந்த பாட்டைத் தருமி பாண்டியன் அவைக்குக் கொண்டுபோனான். பொருளில் குற்றம் என்றார் நக்கீரர். தருமியால் விடை சொல்ல முடியவில்லை. பாட்டு அவனுடையது அன்றே! எழுதியவர் கடவுளேயானாலும் அவைக்கு வந்து, நின்று, வாதாட வேண்டியதாயிற்று. 1965-இல் வந்த திரைப்படத்தில் அந்தக் காட்சியைக் கண்டு கைதட்டாதவர் யார்? நாம் நக்கீரரின் துணிவுக்குக் கைதட்டினோம். எழுதியவர் அவைக்கு வந்தார் என்பதற்கும் சேர்த்துத் தட்டியிருக்க வேண்டும். அவர் வரவில்லையென்றால் நக்கீரர் யாரோடு பேசியிருப்பார்?

சரி, பெயர் சொன்னால் தலை போகும் என்ற நிலையில் இருப்பவன் என்ன செய்வான்? மறு சாராரின் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. நம்மைப்போன்ற ஒரு மாணவரையே பாருங்கள். ஜி. பரமேசுவரன் பிள்ளை திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் படித்த காலத்தில், திவானின் ஆட்சியைக் கண்டித்து எழுதியதற்காகக் கல்லூரியை விட்டு நீக்கப்பட்டார். சென்னைக்குப் போய்ப் படித்தார், இதழாசிரியர் ஆனார், 1891-இல் 10,028 பேர் கையொப்பமிட்ட மலையாளி மெமோரியலை முன்னின்று நடத்தினார். அவருக்குச் சென்னை இருந்தது. எத்தனை மாணவருக்கு அப்படி ஒரு சென்னை இருக்கும்?

சத்தியேந்திர துபேயின் செய்தி இன்னும் கொடியது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் இளம் பொறியாளர். தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளை 2002-இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். மொட்டைக் கடிதமாக எழுதவில்லை. எழுதியவர் யார் என்று தெரிந்தால்தான் கடிதத்தை மதிப்பார்கள் என்று எண்ணி, தம்மைப் பற்றிய விவரங்களைத் தனித்தாளில் வைத்து, பெயரை வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொண்டார். அந்தக் கடிதம் அலுவலகம் அலுவலகமாகப் பெயரோடு சுற்றிற்று. 2003 நவம்பர் 27-இல் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றது மத்தியப் புலனாய்வுத் துறை; நாட்டில் பலர் அதை ஒப்பவில்லை. கொலைக்குக் காரணம் எதுவாயினும், நம்பிக் கொடுத்த பெயரைக் காக்கத் தவறினார்கள் என்பதில் ஐயமில்லை.

அதன் பிறகு 2004-இல் மைய அரசு ஒரு வழி வகுத்தது. ஊழலைப் பற்றி எழுதுபவர் பெயரையும் முகவரியையும் மூடிய உறைக்குள் வைத்து மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அனுப்பவேண்டும். ஆணையம் பெயரை மறைத்து, செய்தியை மட்டும் விசாரணைக்கு அனுப்பும். பெயரே இல்லாத மனுவை ஏற்பதில்லை. 1999-லேயே அந்த ஆணையம் மொட்டைக் கடிதங்களின் மேல் நடவடிக்கை கூடாது என்று கூறிவிட்டது. இந்த ஏற்பாட்டில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. ஆனால் வடிவம் சரியானது. ஊருக்குத் தெரியவேண்டாம், ஒருவருக்குத் தெரிந்தால் போதும், அந்த ஒருவர் மானமுள்ளவராக இருக்கவேண்டும். பழைய இதழாசிரியர் செய்த வேலையும் இதுதான். வாசகர் கடிதத்தின் அடியில் “பெயர் வெளியிட விரும்பாத ஒருவர்” என்று போடுவார். பெயரைத் தம் மேசை அறையில் பூட்டிவைப்பார். கேட்டு வருகிறவரிடம் “எழுதியவர் யார் என்று சொல்லமாட்டேன், ஆனால் வெளியிட்டவன் நான், என்னோடு பேசு” என்பார்.

யாருமே மேசையில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளம் 2018-இல் ஒரு பாடம் கண்டது. கத்துவாவில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையால் நாடே கொதித்திருந்த நேரம். ஏப்ரல் 16-ஆம் நாள் கடையடைப்பு என்று கைப்பேசிகளில் ஒரு செய்தி பரவிற்று. எந்தக் கட்சியும் அழைக்கவில்லை. எந்தச் சங்கமும் கையொப்பமிடவில்லை. ஆயினும் கடைகள் மூடின. மலபார்ப் பகுதியில் வண்டிகள் நிறுத்தப்பட்டன, கல்லெறி நடந்தது, தானூர் போன்ற ஊர்களில் தடையாணை போட நேர்ந்தது. சில நாள் கழித்துத் தொடக்கச் செய்தியைப் பரப்பியதாகத் தென்மாவட்டத்து இளைஞர் சிலரைப் போலீசார் பிடித்தனர். அந்தச் சிறுமிக்காக உண்மையாகவே கண்ணீர் விட்டுத் தெருவில் இறங்கியவர்களுக்கு, தம்மை இறக்கிவிட்டவர் யார் என்பதுகூடத் தெரியாது! மறு ஆண்டு சனவரியில், கடையடைப்புக்கு அழைப்பவர் ஏழு நாள் முன்னதாக அறிவிக்கவேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அழைப்பவனுக்கு முகவரி வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

இதைக் கேட்டவுடன், எல்லாப் பெயர்களையும் அரசாங்கத்திடமே ஒப்படைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எவரேனும் சொன்னால் அவரிடமும் எனக்குச் சண்டையே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை யார்மேல் வீசினார்கள்? 2012-இல் மராட்டியத்துப் பால்கரில் கடையடைப்பைக் குறைகூறி முகநூலில் நான்கு வரி எழுதிய ஓர் இளம்பெண் மேலும், அதை விரும்பிய அவள் தோழி மேலும். இருவரும் சொந்தப் பெயரில் இருந்தவர்கள்! பொய்ப் பெயரில் வசை பாடுபவனைத் தேட உழைக்கவேண்டும். உண்மைப் பெயரில் உள்ளவரைப் பிடிக்க ஒரு வண்டி போதும். 2015 மார்ச்சு 24-இல் உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவைத் தள்ளிற்று. அதே தீர்ப்பில் கேரளப் போலீசுச் சட்டத்தின் 118-டி பிரிவும் போயிற்று. பெண்களை இழிவுசெய்வோரை அடக்கவே என்று சொல்லிக் கேரள அரசு 2020 நவம்பரில் 118-ஏ என்று ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நோக்கம் நல்லதே. ஆனால் சொற்களை எவ்வளவு அகலமாக விரித்தார்கள் என்றால் எந்த இதழாளரையும் அதில் சுருட்டலாம். எதிர்ப்பு எழுந்தது, சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். பெயரைப் பூட்டிவைக்கும் மேசையின் சாவி, எழுதப்படுகிறவரிடமே இருந்தால் அது மேசையன்று, பொறி.

ஆகவே நம் வளாகத்தில் என்ன செய்யலாம்? பெயரில்லாப் பக்கத்தை மூடச் சொல்லி நிர்வாகத்திடம் மனுக் கொடுக்கலாம் என்று நண்பர் சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. சோற்றில் கல் இருந்ததை அந்தப் பக்கம்தான் சொன்னது. நம் மன்ற இதழ் சொல்லவில்லை. மூன்றாண்டு இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன்: சங்க காலத்து உணவைப் பற்றி இரண்டு கட்டுரை உண்டு, விடுதி உணவைப் பற்றி ஒன்றுமில்லை. பேச வேண்டியதைப் பேசும் இடத்தில் பேசாவிட்டால் பேச்சு சந்துக்குள் போகத்தான் செய்யும்.

அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். நம் இதழில் “வாசகர் குரல்” என்று இரண்டு பக்கம் ஒதுக்கவேண்டும். பெயர் மறைத்து எழுத விரும்புபவர் ஆசிரியரிடம் மட்டும் பெயர் சொல்லவேண்டும். ஆசிரியர் அதை நிர்வாகத்துக்கும் சொல்லக்கூடாது, மன்றத் தலைவருக்கும் சொல்லக்கூடாது. அலுவலகத்தையும் நடைமுறையையும் குறைகூறலாம்; மாணவர் ஒருவரையோ மாணவி ஒருத்தியையோ பெயர் சுட்டி எழுதுவதானால் சொந்தப் பெயரில் மட்டுமே எழுதவேண்டும்; குறைகூறப்பட்டவரின் மறுமொழிக்கு அதே பக்கத்தில் அதே அளவு இடம் தரவேண்டும். வழக்கு வந்தால், விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால், நிற்பவர் ஆசிரியர். இப்போதைய ஆசிரியர் இதற்கு இசைந்திருக்கிறார். அடுத்து வருபவரையும் கேட்டுக்கொண்டே தேர்ந்தெடுப்போம்.

எதிர்ப்பவர்கள் அடுத்த இதழுக்கே எழுதலாம். பெயரைப் போட விருப்பமில்லையென்றால் ஆசிரியரிடம் காதோடு சொல்லிவிட்டு எழுதுங்கள்.